கண்ணாடிக்குள் ஒரு குளம்

திங்கட்கிழமை காலை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியை சற்று முன்னதாகவே வந்து வகுப்பறையைத் திறக்கிறார். சன்னலோரத்து மீன்தொட்டியில் தண்ணீர் வெண்மையாகக் கலங்கியிருக்கிறது. இரண்டு மீன்கள் வயிற்றைக் காட்டியபடி மிதக்கின்றன. பிள்ளைகள் பார்த்தால் வருந்துவார்களே என்று எண்ணி, அவற்றை அவசரமாக அகற்றுகிறார், தண்ணீரை மாற்றுகிறார், அதே நிறத்தில் வேறு இரண்டு மீன்களை வாங்கிவரச் செய்து தொட்டியில் விடுகிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. பாடம் வழக்கம்போல் நடக்கிறது.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், மீன்தொட்டி வைத்திருக்கும் எந்தப் பள்ளியிலும் இது நடந்திருக்கக்கூடும். ஆசிரியையின் நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆயினும், அந்தத் தொட்டி கற்பிக்கக்கூடிய பாடங்களுள் மிகப் பெரிய பாடம் அன்று குப்பைக்கூடைக்குப் போய்விட்டது. தண்ணீர் ஏன் கலங்கிற்று? மீன்கள் ஏன் இறந்தன? இறந்ததை அப்படியே விட்டிருந்தால் தொட்டியில் அடுத்து என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடித்தான் அறிவியல் அறிஞர்கள் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்ணாடிக் குடுவைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கற்றவற்றுள் பெரும்பகுதி, நன்றாக இருந்த குடுவைகளைவிடக் கெட்டுப்போன குடுவைகளிலிருந்தே கிடைத்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

புதினாவும் மெழுகுவர்த்தியும்

கதை 1771ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் தொடங்குகிறது. ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் சமய போதகர். அறிவியல் ஆராய்ச்சியிலும் ஆர்வம் மிக்கவர். மூடிய கண்ணாடிக் கலத்தினுள் மெழுகுவர்த்தி சற்று நேரம் எரிந்து அணைந்துவிடும் என்பதும், அந்தக் காற்றில் எலியை விட்டால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வாறானால், உலகிலுள்ள இத்தனை அடுப்புகளும் இத்தனை உயிர்களும் கெடுத்த காற்று எவ்வாறு மீண்டும் நல்ல காற்றாகிறது? இதுவே அவரை வாட்டிய கேள்வி.

அவர் அந்தக் கெட்ட காற்றினுள் ஒரு புதினாக் கொத்தை வைத்தார். செடியும் வாடிவிடும் என்று பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால், அது தழைத்தது. பத்து நாட்களுக்குப் பின் அதே காற்றில் மெழுகுவர்த்தி மீண்டும் எரிந்தது! அத்தகைய காற்றில் எலியும் உயிரோடிருந்தது. விலங்கு கெடுப்பதைச் செடி திருத்துகிறது என்னும் உண்மை முதன்முதலாகக் கண்ணாடிக்குள் தெரிந்தது.

பிரீஸ்ட்லியின் சோதனை சில வேளைகளில் பலிக்கவில்லை. அதன் காரணத்தை 1779ஆம் ஆண்டு யான் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு மருத்துவர் கண்டறிந்தார். செடியின் பச்சைப் பகுதி மட்டுமே காற்றைத் திருத்துகிறது. அதுவும் வெளிச்சம் உள்ளபோது மட்டுமே. இருட்டில் செடியும் நம்மைப்போலவே பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. ஆக, குடுவை எவ்வளவு இறுக மூடியிருந்தாலும் வெளியிலிருந்து ஒன்று உள்ளே வந்தாக வேண்டும். அதுதான் ஒளி.

மருத்துவரின் சீசா

அடுத்த காட்சி 1829ஆம் ஆண்டின் லண்டன். நகரின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த நத்தானியல் வார்டு என்ற மருத்துவருக்குப் பெரணிச் செடிகளின்மீது அளவற்ற ஆசை. ஆனால், நிலக்கரிப் புகை சூழ்ந்த அந்தப் பகுதியில் அவர் நட்ட பெரணிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அவருக்குப் பூச்சிகளிலும் நாட்டம் உண்டு. ஒருநாள் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை, வாயகன்ற கண்ணாடிச் சீசாவில் ஈரமண்ணுக்குள் புதைத்து மூடிவைத்தார். பூச்சி எப்போது வெளிவரும் என்று பார்ப்பதே நோக்கம்.

அவர் கண்டது வேறு. பகலில் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகி எழுந்து, கண்ணாடியின் உட்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, மீண்டும் மண்ணுக்கே வழிந்தது. மழை பெய்யும் சிறு உலகம் ஒன்று சீசாவுக்குள் நடந்துகொண்டிருந்தது. சில நாட்களில் மண்ணிலிருந்து ஒரு சிறு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. தோட்டத்தில் வளர மறுத்த அதே பெரணி இனம்! ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமலே அவை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் வாழ்ந்தன. பின்னர் வார்டு ஊரில் இல்லாத வேளையில் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே இறங்கி அவை அழிந்தன.

இதிலிருந்து பிறந்ததே ‘வார்டின் பேழை’. இன்று வகுப்பறைகளில் நாம் வைக்கும் செடிப்பேழையின், அதாவது டெர்ரேரியத்தின், முன்னோடி அதுவே. 1833ஆம் ஆண்டு இரண்டு பேழைகள் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்குக் கப்பலில் சென்றன. மாதக்கணக்கான கடற்பயணத்துக்குப் பின்னும் செடிகள் பசுமையாக இருந்தன. உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் செடிகள் கப்பலில் மடிவது வழக்கமாயிருந்த காலம் அது. அதன்பின் உலகின் தாவர வணிகமே மாறிப்போயிற்று. சீனாவிலிருந்து ராபர்ட் ஃபார்ச்சூன் ஏறத்தாழ இருபதாயிரம் தேயிலைக் கன்றுகளை இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தது இத்தகைய பேழைகளின் உதவியால்தான்.

நம் நீலகிரிக்கும் இதில் பங்கு உண்டு. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னா தரும் சின்கோனா மரத்தைத் தென் அமெரிக்காவிலிருந்து உதகமண்டலத்துக்குக் கொண்டுவர முயன்றபோது வார்டின் பேழைகளே பயன்பட்டன. 1860இல் பெரு நாட்டிலிருந்து வந்த கன்றுகள் செங்கடல் வழியே கடும் வெப்பத்தில் வாடி, பிழைக்காமற் போயின. 1861இல் ஈக்வடாரிலிருந்து வந்த நானூற்றுக்கும் மேற்பட்ட கன்றுகள் உயிரோடு வந்து சேர்ந்தன. பேழை ஈரத்தைக் காக்கும். வெயிலின் வெப்பத்திலிருந்து காக்காது. சன்னலோரத்தில் செடிப்பேழை வைக்கும் எந்த மாணவரும் மறக்கக் கூடாத செய்தி இது.

நத்தை கற்பித்த பாடம்

நிலத்துச் செடிக்குப் பேழை கிடைத்துவிட்டது. நீர்வாழ் உயிர்களுக்கு? சிசிலித் தீவில் வாழ்ந்த ஜீன் வில்ப்ரே-பவர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 1832இலேயே கண்ணாடித் தொட்டிகள் செய்து, ஆர்கோனாட் என்னும் எண்கால் கடலுயிரை அவற்றில் வளர்த்தார். அதன் மெல்லிய ஓடு வேறு உயிரிடமிருந்து திருடப்பட்டதன்று, அதுவே உண்டாக்கிக்கொள்வது என்று நிலைநாட்டினார். ஆனால், தண்ணீரை மாற்றாமலே ஒரு தொட்டியை நிலைநிறுத்த முடியுமா என்னும் கேள்விக்கு விடை கண்டவர், லண்டனைச் சேர்ந்த ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலார்.

அவர் 1849இல் தொடங்கிய சோதனை மிக எளியது. ஏறத்தாழ ஐம்பது லிட்டர் தண்ணீர் கொள்ளும் கண்ணாடிக் கலம். அடியில் மணலும் சேறும். வாலிஸ்னேரியா என்னும், நாடாவைப் போன்ற இலைகளையுடைய நீர்ச்செடி. இரண்டு சிறு தங்கமீன்கள். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும். செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும். பிரீஸ்ட்லியின் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்திருக்க வேண்டும்.

சரியாக இல்லை. முதிர்ந்த இலைகள் அழுகத் தொடங்கின. தண்ணீர் கலங்கிற்று. கண்ணாடியில் பச்சைப்பாசி படர்ந்தது. தம் கணக்கில் ஏதோ ஒன்று விடுபட்டிருப்பதை வாரிங்டன் உணர்ந்தார். குளத்தில் அழுகும் இலைகளை என்ன செய்கிறது இயற்கை? அவர் குளத்து நத்தைகள் ஐந்தாறைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டார். அவை அழுகியதையும் பாசியையும் தின்று தீர்த்தன. தண்ணீர் தெளிந்தது. அதோடு நில்லாமல், நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு இரையாயின. அதன்பின் பல மாதங்கள் அந்தத் தொட்டி தண்ணீர் மாற்றாமலே நலமாக இருந்தது. 1850 மார்ச்சு மாதம் இதை அவர் லண்டன் வேதியியற் கழகத்தின் முன் அறிவித்தார்.

கொடுப்பவர் ஒருவர், கொள்பவர் ஒருவர் என்னும் இருவர் கணக்கு இங்கே முறிந்தது. கழிவைத் தீர்ப்பவர் என்ற மூன்றாமவர் இல்லாமல் எந்த உலகமும் நடவாது. இதை வாரிங்டனுக்குச் சொன்னது கலங்கிய தண்ணீரே. தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் நிரப்பியிருந்தால் அவர் இதைக் கண்டிருக்க முடியாது.

இந்தக் கண்டுபிடிப்பு விரைவில் ஒரு மோகமாகவும் மாறியது. பிரிட்டனில் கண்ணாடிமீதான வரி 1845இல் நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிந்திருந்தது. 1853இல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று தனிக் கண்ணாடி மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் ‘அக்குவேரியம்’ என்ற சொல்லை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. மக்கள் வாளியும் வலையுமாகக் கடற்கரைப் பாறைக் குழிகளுக்குப் படையெடுத்தனர். கடற்சாமந்திகளும் நண்டுகளும் கூடைகூடையாகப் பெயர்க்கப்பட்டன. தம் தந்தையின் நூலைப் படித்துவிட்டு வந்தவர்களால் கரையோரப் பாறைக்குழிகள் எவ்வாறு வெறுமையாயின என்பதைக் காஸின் மகன் எட்மண்ட் பின்னாளில் துயரத்தோடு எழுதினார். இயற்கையைக் கண்ணாடிக்குள் காணும் ஆசை, கண்ணாடிக்கு வெளியே உள்ள இயற்கையை அழிக்கவும் கூடும் என்பதற்கு இது முதல் எச்சரிக்கை.

கண்ணுக்குத் தெரியாத கூட்டாளிகள்

நத்தையோடு கணக்கு முடியவில்லை. நத்தையும் கழிவு இடுகிறது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது சிறிது மிகுந்தாலும் மீனுக்கு நஞ்சு. அப்படியிருக்க, குளத்தில் மீன்கள் எவ்வாறு வாழ்கின்றன?

விடை தந்தவர் ரஷ்ய அறிஞர் செர்கை வினோகிராட்ஸ்கி. 1880களில் அவர் சேற்றையும் குளத்து நீரையும் உயரமான கண்ணாடிக் குழாயில் இட்டு, வெளிச்சத்தில் வைத்துப் பொறுமையாகக் கவனித்தார். வாரங்கள் செல்லச் செல்ல, அந்தச் சேற்றில் பச்சை, ஊதா, கறுப்பு என நிறநிறமான அடுக்குகள் தோன்றின. ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு வகைப் பாக்டீரியாவின் குடியிருப்பு. இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் அந்தக் குழாய் அவர் பெயரால் வழங்குகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களை அவர் பிரித்துக் காட்டினார். நைட்ரேட்டு செடிக்கு உரம். மீனின் நஞ்சு இவ்வாறு இரண்டு படிகளில் செடியின் உணவாகிறது.

புதிய மீன்தொட்டியில் முதல் சில வாரங்களில் மீன்கள் இறப்பதன் காரணமும் இதுவே. மணலிலும் கற்களிலும் அந்தப் பாக்டீரியாக்கள் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களைக் கூட்டமாக விட்டால், அம்மோனியா ஏறிவிடும். தொட்டியை முழுவதுமாகக் கழுவித் துடைத்து ‘சுத்தம்’ செய்வதும் அந்தக் கூட்டாளிகளை வெளியேற்றுவதேயாகும்.

கிராமக் குளம் பள்ளிக்குள் வருகிறது

இதுவரை கண்டவையெல்லாம் பெரியவர்களின் ஆராய்ச்சிகள். குழந்தைகளிடம் இவை எப்போது வந்தன?

ஜெர்மனியில் 1856ஆம் ஆண்டு ரோஸ்மெஸ்லர் என்ற இயற்கையியலார், ‘கண்ணாடிக்குள் ஓர் ஏரி’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு வார இதழில் கட்டுரை எழுதி, நன்னீர்த் தொட்டிகளைப் பொதுமக்களிடையே பரப்பினார். ஹாம்பர்க் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கார்ல் மோபியஸ் 1863இல் அங்கே கடல்நீர்க் காட்சித்தொட்டிகளை அமைத்தார். பின்னர் கீல் நகரில் பேராசிரியரானார். கடற்கரையில் சிப்பிப் படுகைகள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்த அவர், 1877இல் ஒரு முடிவுக்கு வந்தார். ஒரு படுகையில் சிப்பி தனியாக வாழவில்லை. நண்டு, நட்சத்திரமீன், புழு, பாசி முதலிய பலவும் ஒன்றையொன்று அளவுபடுத்திக்கொண்டு வாழ்கின்றன. சிப்பியை மட்டும் மிகையாக அள்ளினால் முழுக் கூட்டமும் மாறிவிடும். அந்தக் கூட்டத்துக்கு ‘உயிர்ச் சமூகம்’ என்னும் பொருள் தரும் ஒரு புதுச்சொல்லை அவர் ஆக்கினார்.

மோபியஸின் சொற்பொழிவுகளைக் கேட்டவர்களுள் ஒருவர் அதே நகரின் பள்ளி ஆசிரியர் ஃபிரீட்ரிக் யுங்கே. அந்நாளில் பள்ளிகளில் இயற்கைப் பாடம் என்றால் உயிர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்கங்களை எண்ணி, வகைப்பெயரை மனப்பாடம் செய்வதாகும். இதழ் எத்தனை, கால் எத்தனை என்று ஒப்பித்தால் போதும். யுங்கே 1885இல் வெளியிட்ட நூல் இந்த முறையைத் தலைகீழாக்கியது. ‘கிராமக் குளம், ஓர் உயிர்ச் சமூகம்’ என்பது அதன் பொருள். தவளையைத் தனியாகப் படிக்காதே; குளத்தோடு சேர்த்துப் படி. வாத்துக்கு அந்தக் கால் ஏன்? குளத்துக்கு வாத்தால் என்ன பயன்? இவ்வாறு கேட்கக் கற்றுக்கொடுத்தார் யுங்கே. ‘சூழ்நிலை மண்டலம்’ என்ற சொல் பிறப்பதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அதன் பொருள் பள்ளி வகுப்பறைக்குள் வந்துவிட்டது.

அமெரிக்காவில் 1890களின் வேளாண்மை நலிவால் மக்கள் கிராமங்களை விட்டு நகரங்களுக்குக் குடியேறினர். பிள்ளைகளுக்கு மண்ணின்மீது பற்று உண்டாக வேண்டும் என்ற எண்ணத்தில், கார்னெல் பல்கலைக் கழகத்தினர் பள்ளிகளில் இயற்கைக் கல்வியைப் பரப்பினர். அவர்களுள் முதன்மையானவர் அன்னா காம்ஸ்டாக் அம்மையார். 1911இல் வெளியான அவருடைய ஆசிரியர் கையேடு பல பதிப்புகள் கண்டது. வகுப்பறையில் மீன்தொட்டி அமைப்பதும் அதில் ஒரு பாடம். மாணவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், தெரியாது என்று துணிந்து சொல்லி, அவனோடு சேர்ந்து தேட வேண்டும் என்று அவர் ஆசிரியர்களுக்கு அறிவுறுத்தினார். தொட்டியின் முன் நிற்கும் எந்த ஆசிரியருக்கும் இதைவிட நல்ல அறிவுரை இல்லை எனலாம்.

சொல்லும் கணக்கும்

1935ஆம் ஆண்டு ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலத் தாவரவியலார் ‘எகோசிஸ்டம்’ என்ற சொல்லை அச்சில் வெளியிட்டார். நாம் சூழ்நிலை மண்டலம் என்கிறோம். உயிர்களை மட்டுமல்லாமல், அவை வாழும் மண், நீர், காற்று, ஒளி ஆகிய அனைத்தையும் சேர்த்து ஒரே அமைப்பாகக் காண வேண்டும் என்பதே அவர் கருத்து. ஏழு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்த ரேமண்ட் லிண்டெமன், பாசியிலிருந்து சிற்றுயிருக்கும், அதிலிருந்து மீனுக்கும் ஆற்றல் எவ்வாறு படிப்படியாகக் குறைந்து செல்கிறது என்று கணக்கிட்டார். 1942இல் அக்கட்டுரை வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. 26 வயதிலேயே காலமாகிவிட்டார்.

இந்தக் கணக்கின் உட்பொருள் முக்கியமானது. பொருள்கள் சுழல்கின்றன, ஆற்றல் சுழல்வதில்லை. மண்ணின் உப்பும் நீரும் காற்றும் மீண்டும் மீண்டும் பயன்படும். ஆற்றலோ நாள்தோறும் சூரியனிடமிருந்து வந்து, வெப்பமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். வார்டின் மூடிய சீசாவும் வெளிச்சம் இன்றி வாழ்ந்திராது.

ஆறு வயதுக் குழந்தையின் தொட்டி

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. அதன்பின் அமெரிக்கா தன் அறிவியல் கல்வியை அடியோடு சீரமைக்க முனைந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில், ராபர்ட் கார்ப்ளஸ் என்ற இயற்பியலாரின் தலைமையில் 1962இல் ஒரு திட்டம் தொடங்கிற்று. தொடக்கப்பள்ளியின் ஆறு ஆண்டுகளுக்கும் தொடர்ச்சியான பாடங்களை அது வகுத்தது. அதன் உயிரியல் பகுதிக்கு மீன்தொட்டியும் செடிப்பேழையுமே பாடநூல்.

முதல் வகுப்பில் குழந்தைகள் தாமே தொட்டி அமைப்பார்கள்: மணல், நீர்ச்செடி, நத்தை, கப்பி மீன். சில நாட்களில் குட்டி மீன்கள் பிறக்கும். சில மீன்கள் இறக்கும். இவ்விரண்டையும் மறைக்காமல் காட்டுவதே அந்தப் பாடத்தின் சிறப்பு. பிறப்பைப் போலவே இறப்பும் அதில் கற்பிக்க வேண்டிய ஒரு கருத்தாக இடம் பெற்றிருந்தது. தொட்டியின் அடியில் சேரும் கரிய கசடு என்ன? அதைக் குப்பை என்று எறியாமல், கசடு கலந்த மணலிலும் வெறும் மணலிலும் விதை நட்டு, எதில் செடி நன்றாக வளர்கிறது என்று குழந்தைகள் ஒப்பிட்டார்கள். வாரிங்டனும் வினோகிராட்ஸ்கியும் கண்டதை ஆறு வயதுக் குழந்தை தன் கையால் கண்டது!

மூன்றாம் வகுப்பில் செடிப்பேழைக்குள் புல், அதைத் தின்னும் சுவர்க்கோழிப் பூச்சி, பூச்சியைத் தின்னும் சிறு பல்லி. பூச்சிகளின் எண்ணிக்கை ஏறுவதையும் இறங்குவதையும் எண்ணி எழுதுவார்கள். ஆறாம் வகுப்பில் நீரும் நிலமும் இணைந்த ஒரே தொட்டி. அப்போது புரோமோதைமால் நீலம் என்ற சாயத்தைப் பயன்படுத்துவார்கள். அது கரைந்த நீலநிற நீரில் குழல் வழியே ஊதினால், மூச்சிலுள்ள கரியமில வாயுவால் நீர் மஞ்சளாகும். அதில் நீர்ச்செடியை இட்டு வெளிச்சத்தில் வைத்தால் மீண்டும் நீலமாகும். பிரீஸ்ட்லியின் மெழுகுவர்த்திக்குப் பதில் இங்கே நிறம் பேசுகிறது.

பணவசதி இல்லாத பள்ளிகள் என்ன செய்யும்? இரண்டாம் உலகப் போரில் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948இல் வெளிவந்த ஒரு சிறு நூல் வளர்ந்து, 1956இல் யுனெஸ்கோவின் அறிவியல் ஆசிரியர் மூலநூலாயிற்று. வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு மீன்தொட்டியும் செடிப்பேழையும் அமைக்க அது வழிகாட்டியது. 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தினர் இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே நிலமும் கீழே குளமுமாக அமைக்கக் காட்டினர். இதே காலத்தில் வந்த ஐந்தாம் வகுப்புப் பாடத்திட்டம் ஒன்று, அத்தகைய அடுக்கில் உரம், உப்பு, வினிகர் ஆகியவற்றை வெவ்வேறு குழுக்கள் மேலே ஊற்றி, கீழேயுள்ள குளத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்க்கச் செய்தது. நிலத்தில் கொட்டுவது நீருக்கு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மிகப் பெரிய குடுவை

குடுவைப் பாடம் சிறுவர்களுக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் மூன்று ஏக்கருக்கும் மேற்பட்ட ஒரு மாபெரும் கண்ணாடிக் கட்டடத்துக்குள் எட்டுப் பேர் சென்று கதவை அடைத்துக்கொண்டனர். உள்ளே மழைக்காடு, புல்வெளி, சிறு கடல், வயல் எல்லாம் இருந்தன. ‘பயோஸ்பியர் 2’ என்பது அதன் பெயர். வெளியிலிருந்து உணவும் காற்றும் இல்லாமல் இரண்டு ஆண்டுகள் வாழ்வது திட்டம்.

பதினாறு மாதங்களில் உள்ளேயிருந்த காற்றில் பிராணவாயு 21 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 14 விழுக்காடாகக் குறைந்தது. உயர்ந்த மலையுச்சியில் இருப்பவர்களைப்போல் அவர்கள் தளர்ந்தனர். 1993 சனவரியில் வெளியிலிருந்து பிராணவாயு செலுத்த வேண்டியதாயிற்று. காரணம் என்ன? பயிர் செழிக்கட்டும் என்று இட்ட வளமான மண்ணில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அவை வெளிவிட்ட கரியமில வாயுவைச் செடிகள் முழுவதும் திருப்பித் தருமுன், கட்டடத்தின் கான்கிரீட் அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொண்டது. வாரிங்டனின் தொட்டியில் விடுபட்டுப் போன மூன்றாமவரையே இங்கும் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள்.

நம் வகுப்பில்

நம் பள்ளிகளிலும் இதைச் செய்யப் பெரிய செலவு இல்லை. அகன்ற வாயுள்ள கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கலம், கழுவிய மணல், ஒன்றிரண்டு நீர்ச்செடிகள், சில நத்தைகள் போதும். குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருந்தால், அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்துப் பின் ஊற்றலாம். மீன்களைச் சில வாரங்கள் கழித்து, ஒன்றிரண்டாக விடுவது நல்லது. செடிப்பேழைக்கு அடியில் கூழாங்கல், அதன்மேல் ஈரமண், ஒரு சிறு பெரணி, பின் மூடி. இரண்டையும் வெளிச்சம் படும் இடத்தில், ஆனால் நேர்வெயில் படாமல் வைக்க வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய கண்ணாடி அடுப்பாகிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகளை நினைவில் கொள்க. குளத்திலிருந்து தேவைக்குமேல் உயிர்களை அள்ள வேண்டாம். இங்கிலாந்தின் பாறைக்குழிகளை மறக்கலாகாது. கடையில் வாங்கிய மீனையோ செடியையோ விடுமுறை வந்ததும் ஏரியிலும் ஆற்றிலும் விடவே வேண்டாம். தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் தென் அமெரிக்கக் கெளுத்தி வகை, தமிழ்நாடு, ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அது தானாக இங்கே வந்ததன்று. வீட்டுத் தொட்டிகளிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் தப்பியதே.

எல்லாவற்றுக்கும் மேலாக, தொட்டியின் அருகே ஒரு குறிப்பேடு இருக்கட்டும். நாள்தோறும் தண்ணீரின் நிறம், செடியின் உயரம், நத்தைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை மாணவர்கள் முறைவைத்து எழுதட்டும்.

இனி, தொடக்கத்தில் கண்ட அந்தத் திங்கட்கிழமைக்குத் திரும்புவோம். ஆசிரியை இறந்த மீன்களை அகற்றத்தான் வேண்டும். இல்லையேல் மற்றவையும் இறக்கும். ஆனால், பிள்ளைகள் வந்த பிறகு அவர்கள் கண்முன் அகற்றட்டும். எத்தனை மீன் விட்டோம், எவ்வளவு இரை இட்டோம், தண்ணீர் எந்த நாளில் கலங்கத் தொடங்கிற்று என்று குறிப்பேட்டைப் புரட்டிப் பார்க்கச் சொல்லட்டும். காரணம் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே சொல்லட்டும். பின்னர் அந்த மீன்களைப் பள்ளித் தோட்டத்தில் ஒரு செடியின் வேரருகே புதைத்து, இடத்தை அடையாளமிட்டு வைக்கட்டும். அடுத்த மாதம் அந்தச் செடியையும் பக்கத்துச் செடியையும் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

ஒரு குடுவை கெட்டால் வேறு குடுவை வைக்கலாம். ஏரியும் ஆறும் கடலும் அவ்வாறல்ல. அவற்றைக் காக்க வேண்டிய பொறுப்பு நாளை இந்தப் பிள்ளைகளின் கைக்கு வரப்போகிறது. தண்ணீர் கலங்கும்போது மாற்றிவிடாமல், ஏன் கலங்கிற்று என்று கேட்கும் பழக்கத்தை அவர்கள் இன்றே, அந்தச் சிறு தொட்டியின் முன்னாலேயே பெறட்டும்.